கடுப்பு வந்த வழி

பள்ளித் தோழர்களே, தோழிகளே, இதைப் பாதிப் பேர் படிக்காமலேயே கும்பிடும் கைப் படத்தை அனுப்பிவிடுவீர்கள் என்று தெரியும். இருந்தாலும் எழுதுகிறேன்.

சென்ற வாரம் நம் வாட்ஸப் குழுவில் கடலூர்க்காரி ஒரு கேள்வி கேட்டாள். மகன் வீட்டோடு கடலூருக்குப் போய்விட்டதால் இப்போது அவளை அப்படிச் சொல்கிறோமே தவிர, அவளும் நம்மைப் போல நெய்வேலி குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள்தான். "எம் பேரன் எதுக்கெடுத்தாலும் கடுப்பா இருக்கு, கடுப்பேத்தாதன்றான். இந்தக் கடுப்புன்ற வார்த்தை எங்கேர்ந்துதான் வந்துச்சி? நம்ம காலத்துல இருந்துச்சா?" என்று கேட்டிருந்தாள். உடனே பதில்கள் குவிந்தன. சினிமாவிலிருந்து வந்தது என்றார் ஒருவர். சென்னைக் கல்லூரி விடுதிகளிலிருந்து என்றார், ஆயுளில் ஒரு நாளும் விடுதியில் தங்கியிராத இன்னொருவர். வேதியியல் படித்த ஒருவர் அது தமிழே இல்லை என்று தீர்ப்பு எழுதினார். யாரும் மேல்முறையீடு செய்யவில்லை.

நான் குவார்ட்டர்ஸ் ஒதுக்கீட்டுப் பிரிவில் காலம் தள்ளி ஓய்வு பெற்றவள். ஒருவர் ஒன்றைச் சொன்னால் ஆதாரம் எங்கே என்று கேட்டுப் பழகியவள். உங்களில் சிலர் வீட்டைக் காலி செய்தபோது, காணாமல் போன ஒரு குழாய்த் திருகுக்காக உங்களை இரண்டாவது முறை வரச் சொன்னவளும் நான்தான். அதை நீங்கள் மறக்கவில்லை என்பது திருமண வீடுகளில் நீங்கள் என்னைப் பார்த்துச் சிரிக்கும் விதத்தில் தெரிகிறது. ஆகவே கடுப்பைப் பற்றிச் சாட்சி சொல்ல எனக்குத் தகுதி உண்டு.

சொல் பழையது. கடு என்ற வேரைப் பிடித்து இழுத்தால் கடுங்குளிர், கடுஞ்சொல், கடுக்காய் எல்லாம் கூடவே வரும். நம் சிறுவயதில் கடுப்பு உடம்பில்தான் இருந்தது. தேள் கொட்டிய விரல் கடுத்தது. சுரங்கத்தில் நிலக்கரி ஓடும் பெல்ட் ஓரம் நின்று வந்த அப்பாக்களின் கால் கடுத்தது. வயிற்றுக் கடுப்பு வந்தவன் பள்ளிக்கு வரவில்லை. ஏன் வரவில்லை என்று ஆசிரியரும் விவரம் கேட்கவில்லை. அகராதியைத் திறந்தால் வேகம் என்று ஒரு பொருள், கோபம் என்று ஒரு பொருள். இன்னொன்றும் இருக்கிறது. பழைய இலக்கணத்தில் உவமை சொல்வதற்கு வைத்திருந்த சொற்களில் 'கடுப்ப' என்பதும் ஒன்று. 'போல' என்று அர்த்தம். படித்தவர்கள் இவற்றைத் தனித்தனிப் பெட்டியில் வைப்பார்கள். எனக்கு எல்லாம் ஒரே பெட்டிதான்.

ஏனென்றால் நாம் வளர்ந்தது அப்படிப்பட்ட ஊரில். ஒரு வீட்டைப் போலவே அடுத்த வீடு. அதே மஞ்சள் சுண்ணாம்பு, அதே பச்சைக் கதவு, அதே இடத்தில் குழாய், அதே உயரத்தில் ஜன்னல். இருட்டில் ஸ்விட்சைத் தடவினால் எந்த வீட்டிலும் கை சரியாகப் போகும். எல்லாம் ஒன்றுபோல இருந்தால் பொறாமை இருக்காது என்று திட்டம் போட்டவர்கள் நினைத்திருப்பார்கள். மாளிகையைப் பார்த்து யாருக்கும் வயிறு எரிவதில்லை. நம் வீட்டைப் போலவே இருக்கும் வீட்டில், நம்மிடம் இல்லாத ஒன்று இருந்தால்தான் எரியும்.

எங்கள் பழைய வீட்டில் இருந்தது ஒரு பலா மரம்.

பண்ருட்டிப் பழம் ஒன்றைத் தின்ற கோடையில் அம்மா கொட்டையைத் தோட்டத்தில் ஊன்றினாளாம். நான் அப்போது தவழ்ந்துகொண்டிருந்தேனாம். அரிசி களைந்த நீர், மீன் கழுவிய நீர், என்னைக் குளிப்பாட்டிய நீர் எல்லாம் அதற்கே. அம்மா தெற்கத்திக்காரி. பேச வந்தால் கொட்டித் தீர்ப்பாள், வராவிட்டால் நாளெல்லாம் வராது. பேச்சு வராத நாட்களில் அந்த மரத்தடியில்தான் இருப்பாள். நான் ஐந்தாவது படித்தபோது, மாசி மாதத்தில், மரத்தின் அடியிலேயே முதன்முறையாக ஒரு காய் பிடித்தது. என் கட்டைவிரல் அளவு. அம்மா முந்தானையால் அதை மூடிவிட்டு, "யாரு கண்ணும் படக் கூடாது, ஏட்டி. ஸ்கூல்ல போய் வாயத் தொறக்காத," என்றாள். நான் அன்றே வகுப்பு முழுவதும் சொல்லிவிட்டேன்.

அந்த வாரமே அப்பா இன்னொரு நல்ல செய்தியோடு வந்தார். பதவி உயர்வு. அதற்கு ஏற்ற பெரிய வீடு, குவார்ட்டர்ஸிலேயே வேறொரு வட்டத்தில்.

"ஒரு ரூம் அதிகம்," என்றார் அப்பா. "நைட் ஷிஃப்ட் முடிச்சி வந்தா கதவச் சாத்திட்டுத் தூங்கலாம். நீங்களும் வாயத் தொறந்து பேசலாம்."

"மரம்?" என்றாள் அம்மா.

"எந்த மரம்?"

அம்மா அதற்கு மேல் பேசவில்லை. அவள் மகிழ்ச்சியில் வாயடைத்துப்போனாள் என்று அப்பா எடுத்துக்கொண்டார். ஆண்கள் இப்படித் தவறாகப் புரிந்துகொள்வதில் ஒரு நிம்மதி இருக்கிறது; மறுநாளே மாட்டு வண்டிக்குச் சொல்லிவிட்டார்.

விதி உங்களுக்குத் தெரியும். வீடு யாருக்கோ மரமும் அவருக்கே. நட்டவர் யார், தண்ணீர் ஊற்றியவர் யார் என்று எந்த அலுவலகமும் கேட்பதில்லை. பிற்காலத்தில் நானே அந்த நாற்காலியில் உட்கார்ந்து காலி செய்தவர்களிடமிருந்து எத்தனையோ வீடுகளைத் திரும்ப ஒப்புக்கொண்டேன். பல்பு, தாழ்ப்பாள், தண்ணீர்த் தொட்டி மூடி எல்லாம் சரியா என்று பார்ப்போம். சாவியைக் கொடுத்த பிறகும் பெண்கள் தோட்டப் பக்கம் போய்ச் சற்று நின்றுவிட்டு வருவார்கள். அதைப் பார்க்காத மாதிரி இருப்பதுதான் நடைமுறை.

புது வீட்டில் எங்களுக்கு முன்பு இருந்தவர் சுத்தக்காரர். தோட்டம் முழுவதும் சிமென்ட் போட்டிருந்தார். கோடை வெயிலில் அதில் அப்பளம் காய்ந்தது. வேறெதுவும் முளைக்கவில்லை.

பழைய வீட்டுக்கு வந்தவர்கள் பக்கத்துக் கிராமத்துக்காரர்கள். அவர்களுடைய நிலம் சுரங்கத்துக்குப் போய், அதற்காக வீட்டுக்காரருக்கு வேலை கிடைத்து, இப்போதுதான் குவார்ட்டர்ஸும் கிடைத்திருந்தது. அவர்களுடைய மகள் என் வகுப்பில் சேர்ந்தாள். என் பெஞ்சிலேயே உட்கார வைத்தார்கள். எண்ணெய் வழியும் இரட்டைப் பின்னல், முந்திரிப்பால் பட்டு வெந்த தழும்பு ஒரு கையில்.

எனக்கு அவளைப் பிடிக்காமல் போனதற்கு முதல் காரணம் அவள் நல்லவளாக இருந்தது. தினமும் காலையில் வந்ததும் எனக்குத் தகவல் சொல்வாள்.

"உங்க காயி இன்னிக்கி எங்க சொம்பு அளவு ஆயிடுச்சி."

மறு வாரம், "உங்க காயி மேல கட்டெறும்பு ஏறுச்சி. எங்கம்மா சாம்பல் தூவிச்சி."

உங்க காய் என்றுதான் சொல்வாள். 'எங்க காய்' என்று சொல்லியிருந்தால் சண்டை போட்டு, இரண்டு நாள் பேசாமல் இருந்து, நிம்மதியாகியிருப்பேன். அவளோ என் காயை எனக்கே கொடுத்துவிட்டு, தான் மட்டும் அதன் பக்கத்தில் இருந்தாள். வெயிலில் அந்த மரத்தடி எவ்வளவு குளிர்ச்சியாக இருக்கும் என்று எனக்குத் தெரியும். சுவரில் என் உயரத்தைக் கரியால் கோடு போட்டு வைத்திருந்தேன். "அதுங்கிட்ட நானும் நின்னு பாத்தேன், உன்ன விட நான் ஒசரம்," என்றாள் ஒரு நாள், சிரித்துக்கொண்டே. அன்று நான் மதியச் சோறு சாப்பிடவில்லை.

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் அம்மாவிடம் ஒப்பிப்பேன். அம்மா கேட்காதவள்போல அடுப்பைக் கிளறுவாள். "சாம்பலா? வேப்பம்புண்ணாக்கு வைக்கணும். என்னத்த வளக்காளோ," என்பாள். பழம் பழுத்தால் ஒரு சுளையாவது நமக்கு வருமா என்று கேட்டேன். "நாம போய்க் கேக்கவா முடியும்?" என்றாள். அதைச் சொல்லிவிட்டு அவள் திரும்பிக்கொண்ட வேகத்தில் எனக்குப் புரிந்தது, அந்த முதல் பழம் என்னை விட அவளுக்குத்தான் அதிகம் வேண்டியிருந்தது.

இந்த நிலைமையில்தான் அப்பா வழி தவறினார்.

நைட் ஷிஃப்ட் முடித்துச் சைக்கிளில் வரும் மனிதருக்குப் பாதித் தூக்கம் வழியிலேயே தொடங்கிவிடும். சைக்கிளுக்கு வழி தெரியும் என்று விட்டுவிடுவார்கள். எங்கள் சைக்கிளுக்குப் பழைய வழிதான் தெரிந்தது. அது நேராகப் பழைய வட்டத்துக்குப் போனது. அதே தொங்கிப்போன கேட், முழங்காலால் தூக்கித்தான் திறக்க வேண்டும். அப்பா முழங்காலால் தூக்கித் திறந்தார். சைக்கிளைப் பலா மரத்தில் சாய்த்தார். குழாயில் கால் கழுவினார். தோட்டத்துப் படியில், வீட்டுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, "காபி கொண்டா," என்றார்.

அந்த வீட்டுக்காரர் முதல் ஷிஃப்ட்டுக்குப் போயிருந்தார். வெளியே வந்த அந்த அம்மாள் கத்தவில்லை. உள்ளே போய் ஒரு சொம்பில் நீராகாரமும் இரண்டு சின்ன வெங்காயமும் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள். அப்பா பாதிச் சொம்பு குடித்த பிறகுதான் அது காபி இல்லை என்பது அவருக்கு உறைத்திருக்கிறது. நிமிர்ந்து பார்த்திருக்கிறார். பிறகு நடந்ததை மறுநாள் அந்தப் பெண் வகுப்பில் நடித்தே காட்டினாள்: அப்பா எழுந்தது, கும்பிட்டது, செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டது, சைக்கிளை விட்டுவிட்டுத் தெரு முனை வரை ஓடி மறுபடி வந்து எடுத்தது. வகுப்பே சிரித்தது. என் அப்பாவை வைத்து அவள் சிரிப்பு வாங்கினாள் என்பதை என்னால் பொறுக்க முடியவில்லை.

பக்கத்து வீட்டு அம்மாள் வேலிக்கு மேலாக எல்லாவற்றையும் பார்த்திருந்தாள். இரண்டு நாளில் கூட்டுறவுக் கடை வரிசைக்குச் செய்தி வந்துவிட்டது. வரும் வழியில் அது வளர்ந்திருந்தது. அம்மாவும் நானும் சர்க்கரைக்கு நின்றிருந்தோம்.

"வூட்டுக்காரரு தெனம் அங்கதான் கால் கழுவறாராமே?" என்றாள் முன்னால் நின்றவள், பின்னால் நின்றவளிடம் கேட்பதுபோல.

"பழைய வூட்டு மேல அம்புட்டுப் பாசம்," என்றாள் பின்னால் நின்றவள். பிறகு அம்மாவைப் பார்த்து, "ஏங்க, உங்களுக்குக் கடுப்பா இருக்காது?" என்றாள்.

தோழர்களே, குறித்துக்கொள்ளுங்கள். ஒரு மனுஷியின் மனத்தைப் பற்றி அந்தச் சொல்லை நான் கேட்டது அதுதான் முதல் தடவை. எந்தத் திரைப்படமும் அங்கே ஓடவில்லை. எந்தக் கல்லூரி மாணவனும் சர்க்கரைக்கு நிற்கவில்லை.

"எனக்கு என்ன கடுப்பு? நின்னு நின்னு காலுதான் கடுக்கு," என்றாள் அம்மா. சர்க்கரை வாங்காமலேயே வீட்டுக்கு வந்துவிட்டோம்.

அன்று மாலை சண்டை. ஒரே ஒரு தடவைதான், அதுவும் தூக்கக் கலக்கம் என்று அப்பா எவ்வளவோ சொன்னார். அவர் அங்கே போனதைப் பற்றி அம்மா பேசவே இல்லை.

"நீராகாரம் குடிச்சீங்களாமே?"

"கொடுத்தாங்க, குடிச்சேன். தெரியாமத்தான்."

"நான் ஒரு நாள் காபித்தூள் தீந்துபோச்சு, நீராகாரம் குடிங்கன்னதுக்கு என்ன சொன்னீங்க? மாட்டுக்கு ஊத்தச் சொன்னீங்கல்ல? அவ கையால ஊத்தினா இனிக்கிதோ? வெங்காயம் வேற!"

அப்பா சைக்கிளைத் துடைக்கப் போய்விட்டார். அந்த வெங்காயத்தைத்தான் அம்மாவால் தாங்க முடியவில்லை என்பது மட்டும் எனக்குத் தெரிந்தது.

மறுநாள் என் சிவப்பு ரிப்பனை எடுத்து அம்மா எங்கள் புது கேட்டில் கட்டினாள். "இனிமே இந்த அடையாளத்தப் பாத்து வாங்க. மாடு கூட வீட்ட அடையாளம் கண்டுக்கிடும்," என்றாள். அந்த ரிப்பன் பள்ளி ஆண்டு விழாவுக்கு எனக்கு வாங்கியது. விழாவில் நான் வெறும் பின்னலோடு நின்றேன். என் பெஞ்சுக்காரி இரண்டு ரிப்பன்களோடு நின்றாள். அவற்றின் நிறத்தை நான் சொல்லத் தேவையில்லை.

வைகாசி பிறந்தது. பள்ளி விடுமுறை என்பதால் காயைப் பற்றிய தகவலும் நின்றுபோனது. அம்மா வாய் திறந்து கேட்கவில்லை. ஆனால் காற்று அந்தப் பக்கமிருந்து வீசும்போது மூக்கை உறிஞ்சுவாள். பழுத்திருக்கும், வெட்டியிருப்பார்கள், தின்றிருப்பார்கள் என்று நான் மனத்துக்குள் சுளை சுளையாக எண்ணிக் கசந்துகொண்டிருந்தேன்.

ஒரு காலை, அப்பா இன்னும் நைட் ஷிஃப்ட்டிலிருந்து வராத நேரம், கேட்டுக்கு வெளியே அந்த அம்மாள் நின்றாள். தலையில் சும்மாடு, அதன்மேல் பலாப்பழம். பின்னால் அவள் மகள். வாசனை அவர்களுக்கு முன்பே எங்கள் சமையலறைக்குள் வந்துவிட்டது.

அம்மா கேட்டுக்கு இந்தப் பக்கம் போய் நின்றாள். திறக்கவில்லை.

"எக்கா, உங்க மரத்துப் பழம். மொதப் பழம்," என்றாள் அந்த அம்மாள்.

"வீடு உங்களது. மரமும் உங்களதுதான். எடுத்துட்டுப் போங்க."

"ஸ்டோருல பேசிக்கினாங்க, நீங்க எம்மேல கடுப்பா கீறீங்கன்னு. ஒண்ணு சொல்லிட்டுப் போறேன், கேட்டுக்குங்க. அப்பறம் தொரத்துங்க." பழத்தை இறக்காமலேயே பேசினாள். கழுத்து நரம்பு புடைத்திருந்தது. "எங்க வூட்டுக்காரரும் அப்டித்தாங்க. வேலைக்கிச் சேந்த புதுசுல, நைட்டு முடிச்சிட்டுத் தூக்கத்துலியே சைக்கிள மிதிச்சிகினு பழைய ஊருக்கே போய்டுவாரு. அங்க ஏதுங்க வூடு? ரோடு பாதியில நின்னுபூடும். அதுக்கப்பறம் பள்ளம். எங்க வூடு, முந்திரிக் கொல்ல, எங்க மாமியா வச்ச பலா, அல்லாம் அந்தப் பள்ளத்துலதான் போச்சி. அந்த வேலியப் புடிச்சிகினு நின்னுட்டு, வெயிலு ஏறனப்பறம் வருவாரு. எங்க போனன்னு நானும் கேக்க மாட்டேன்."

அம்மாவின் கை கேட்டின் தாழ்ப்பாள் வரை போய் அங்கேயே நின்றது.

"அன்னிக்கி உங்க வூட்டுக்காரரு படியில வந்து குந்துனப்ப எனக்கு அதாங்க ஞாபகம் வந்திச்சி. இவருக்காச்சும் மறந்துபோயி வர்றதுக்கு ஒரு வூடு கீது, தண்ணி குடுக்க ஆளு கீதுன்னு ஒரு சொம்பு குடுத்தேன். நாயமாப் பாத்தா நாந்தாங்க உங்க மேல கடுப்பாவணும்."

பேச்சு வராத நாட்களில் அம்மாவின் முகம் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. கேட்டைத் திறந்தாள். கையை உயர்த்தி, அந்த அம்மாளின் தலையிலிருந்து பழத்தை, ஒரு குழந்தையை வாங்குவதுபோல வாங்கிக்கொண்டாள். கனம் தாங்காமல் கொஞ்சம் தள்ளாடினாள். அப்படியே சிமென்ட் தரையில் உட்கார்ந்து அதைத் தடவிப் பார்த்தாள்.

"ஏட்டி, அருவாமனையும் எண்ணெயும் எடுத்தா," என்றாள் என்னிடம். நான் கொண்டுவந்த எண்ணெயை முதலில் அந்த அம்மாளின் உள்ளங்கையில் ஊற்றினாள். பிறகு தன் கையில் தடவிக்கொண்டாள்.

பழம் பிளந்த நேரத்தில் அப்பா வந்தார். கண் பாதி மூடியிருந்தது. கேட்டை முழங்காலால் தூக்கினார். புது கேட் அது, தூக்கவே தேவையில்லை. உள்ளே பார்த்தார். பலாப்பழ வாசனை. தரையில் அந்த அம்மாள். அவள் மகள். அப்பாவின் முகம் வெளுத்தது. மறுபடியும் பழைய வீட்டுக்கே வந்துவிட்டோம் என்று முடிவு செய்து, "மன்னிச்சிக்கங்கம்மா," என்று சொல்லி, சைக்கிளைத் திருப்பி ஏறிவிட்டார்.

"என்னங்க! இதுதாங்க நம்ம வீடு!" என்று கத்தினாள் அம்மா. "ரிப்பனப் பாருங்க, ரிப்பன!"

அந்த அம்மாள் எண்ணெய்க் கையாலேயே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அம்மாவும் சிரித்தாள். அந்தக் கோடையில் அவள் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். அப்பா திரும்பி வந்து, எங்கே உட்காருவது என்று தெரியாமல், சைக்கிளைப் பிடித்துக்கொண்டே நின்றார். அம்மா அவருக்கு ஒரு சொம்பு நீராகாரம் கொண்டுவந்து கொடுத்தாள். இரண்டு வெங்காயமும் வைத்தாள். அவர் மறுபேச்சில்லாமல் குடித்தார்.

பிறகு அம்மா முதல் சுளையை எடுத்தாள். நார் விலக்கி, கொட்டையை நீக்கி, விரலில் தொங்கவிட்டாள். பொன் நிறம். நான் தவழ்ந்த நாளிலிருந்து என் குளியல் தண்ணீரைக் குடித்து வளர்ந்த மரம். நான் வாயைத் திறந்தே வைத்திருந்தேன்.

அம்மா என்னைத் தாண்டிக் கையை நீட்டி, அதை அந்தப் பெண்ணின் வாயில் ஊட்டினாள்.

ஏன் என்று இப்போது எனக்குத் தெரியும். நிலம் கொடுத்துவிட்டு வந்தவர்கள் பலருக்கு வீடு ஒதுக்கிய நாற்காலியில் உட்கார்ந்து எழுந்தவள் நான். அம்மா செய்ததற்கு எந்த விதியிலும் இடம் கிடையாது, ஆனாலும் அதில் குறை காண என்னால் முடியாது. தெரிவது ஒரு பக்கம் இருக்கட்டும். எனக்குக் கிடைத்தது இரண்டாவது சுளை. அதுவும் இனிப்பாகத்தான் இருந்திருக்க வேண்டும். நினைவில்லை. அவள் மென்றதுதான் நினைவிருக்கிறது. கண்ணை மூடிக்கொண்டு, அவசரமே இல்லாமல், கடைவாயில் சாறு வழிய மென்றாள். அவள் பின்னலில் அந்தச் சிவப்பு ரிப்பன்கள் வேறு.

ஆகவே, கடலூர்க்காரி, நீ குழுவில் கேட்ட கேள்விக்கு என் பதில் இதுதான். உன் பேரனிடம் சொல். அந்தச் சொல் சினிமாவிலிருந்து வரவில்லை. ஒரு வைகாசி மாதக் காலையில், எங்கள் வீட்டுச் சிமென்ட் தரையில், முதல் சுளையை மென்ற உன் வாயிலிருந்து வந்தது. இன்னும் போகவில்லை.